கொம்யூனிலிருந்து அரசியல் அறிவியலுக்கு

கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுக்கப் போவதாக வீட்டில் சொன்னதும் புதுச்சேரியின் வில்லியனூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் வழக்கமாக இரண்டு கேள்விகள் வரும். "எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்பது ஒன்று. "படிச்சு முடிச்சா என்ன வேலை?" என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க 21 வயதும் சட்டமன்றத் தேர்தலில் நிற்க 25 வயதும் நிறைந்தால் போதும். பட்டம் எதுவும் கேட்க மாட்டார்கள். அரசியல்வாதி ஆவதற்கான பயிற்சி என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதிகாரம் யார் கையில் இருக்கிறது, எந்த வழியில் அங்கே வந்தது, எந்தச் சட்டம் அதற்கு எல்லை கட்டுகிறது, எல்லை மீறினால் கேட்பது யார் என்று பொறுமையாக விசாரிக்கப் பழக்குவதே இந்தப் படிப்பு. இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்குக் கடைசியில் இடம் வைத்திருக்கிறேன். அந்தப் பகுதியை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வசதிகள் நமக்கு இல்லை என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கிறது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அந்தத் தயக்கத்தில் உண்மை உண்டு; உழைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் அரசியல் அறிவியலின் பெரிய கேள்விகளைக் கண்ணால் பார்த்துப் படிக்க வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைவிட (பிரெஞ்சுக் காலத்திலிருந்து வரும் உள்ளாட்சிப் பிரிவுகள் இவை) வளமான இடம் தமிழ் பேசும் பகுதியில் அதிகம் கிடையாது. பாடநூலில் 'மாநிலம்' என்றும் 'பஞ்சாயத்து' என்றும் பொதுவாக எழுதியிருப்பவை நம்மிடம் வேறு விதமாக நடக்கின்றன. ஏன் வேறு விதமாக நடக்கின்றன என்று தேடப் போனாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஊரில் இருக்கும் பாடங்கள்

கீழூரில் தொடங்குங்கள். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் அது. 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் அங்கே கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பிறகு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படியான மாற்றம் முழுமை அடைந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்கள். ஒரு வருடமாவது நேரில் போய்ப் பாருங்கள்.

போய் வந்த பிறகு இந்தக் கேள்விகளை நோட்டில் எழுதுங்கள். 1946-ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் சட்டம், சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது. 1949 ஜூனில் சந்திரநாகூரில் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். அப்படியிருக்க, கீழூரில் பிரதிநிதிகள் மட்டும் வாக்களித்தது ஏன்? பிரதிநிதியின் வாக்கு மக்களின் வாக்காகுமா? 1954-க்கும் 1962-க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் இந்த மண்ணின் இறையாண்மை யாரிடம் இருந்தது? முதல் செமஸ்டரில் இறையாண்மை, சம்மதம், பிரதிநிதித்துவம் ஆகிய மூன்று பாடங்களும் வரும். ஹாப்ஸ், லாக், ரூசோ என்று பெயர்கள் வரிசையாக வந்து மிரட்டும்போது கீழூரை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், அவர்கள் எதைப் பற்றி வாதாடினார்கள் என்பது பிடிபடும்.

அடுத்த பாடம் கொம்யூன். 1880 மார்ச் 12 அன்று வந்த பிரெஞ்சு ஆணை பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாகப் பிரித்தது. அவற்றில் வில்லியனூரும் உண்டு, பாகூரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது; அதன் தலைவர் மேர் (மேயர்). 1907-இல் கொம்யூன்கள் பதினேழாயின. வாக்குரிமை எல்லோருக்கும் சமமாக இருக்கவில்லை. ஐரோப்பியர்களுக்கும், தம் பழைய சட்ட வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான்களுக்கும், மற்ற இந்தியர்களுக்கும் தனித்தனி வாக்காளர் பட்டியல் வைத்த காலமும் இருந்தது. தனி வாக்காளர் தொகுதி பற்றியும் 1932-ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம் பற்றியும் படிக்கும்போது இதை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். தேர்வுத்தாளில் எழுதினால் மற்றவர்களின் விடையிலிருந்து உங்கள் விடை தனித்துத் தெரியும்.

இந்தியாவோடு இணைந்த பிறகும் கொம்யூன் அமைப்பு மறையவில்லை. 1973-ஆம் ஆண்டின் புதுச்சேரி கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் அதற்குப் புதிய உருவம் தந்தது. இன்று இருப்பவை பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் 98 கிராமப் பஞ்சாயத்துகளும். தமிழ்நாட்டில் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்று அடுக்கு. நம்மிடம் இரண்டே அடுக்கு. மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டாத இடத்தில் இடை அடுக்கு கட்டாயமில்லை என்கிறது அரசமைப்பின் 243பி பிரிவு. 2011 கணக்கெடுப்பின்படி நம் மக்கள்தொகை 12,47,953. வகுப்பில் மூன்றடுக்கு முறையை ஆசிரியர் வரைந்து காட்டும்போது எழுந்து இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

இதில் வேதனையான பகுதி இனிமேல்தான். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது நடந்தது 2006-இல்; இடையே 38 ஆண்டுகள். அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. 2006-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் மறுபடி தேர்தல் அறிவிப்பு வந்து, இடஒதுக்கீட்டு வார்டுகள் தொடர்பான வழக்கில் நின்றுபோனது. அரசமைப்பின் 243இ பிரிவோ ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. இன்று கல்லூரிக்குள் நுழையும் வில்லியனூர்ப் பிள்ளைக்கு, தன் வீட்டார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துத் தலைவர் ஒருவரைப் பார்த்த நினைவுகூட இருக்காது. கொம்யூன் அலுவலகத்தை நடத்துபவர் ஆணையர்.

எழுத்தில் இருக்கும் அரசமைப்புக்கும் நடப்பில் இருக்கும் அரசமைப்புக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் உலகெங்கும் அரசியல் அறிவியலாளர்கள் ஆராய்கிறார்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் மக்கள் யாரிடம் போகிறார்கள்? எம்.எல்.ஏ. வீட்டுக்கா, ஆணையர் அலுவலகத்துக்கா, கட்சிக் கிளைச் செயலாளரிடமா, கோயில் நாட்டாரிடமா? உங்கள் தெருவில் இருபது வீட்டில் கேட்டு எழுதினால் அதுவே முதல் ஆய்வு. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் சட்டமன்ற உறுப்பினரின் கை ஓங்கியிருக்கிறது என்பது என் கருத்து. நீங்கள் கேட்டுவிட்டு வந்து மறுத்தாலும் மகிழ்ச்சியே.

சட்டமன்றமும் துணைநிலை ஆளுநரும் அடுத்த பாடம். 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின்படி நமக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 30 பேர்; மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். 2017-இல் மத்திய அரசு, புதுச்சேரி அமைச்சரவையைக் கலந்தாலோசிக்காமல் மூவரை நியமித்தது. அது செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியமன உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு என்றது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அமைச்சரவை கவிழ்ந்தபோது அந்த மூன்று வாக்குகளின் எடை என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. துணைநிலை ஆளுநர் அன்றாட நிர்வாகத்தில் தலையிட முடியாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இந்த மூன்று தீர்ப்புகளையும் சுருக்கமாக அல்ல, முழுதாகவே வாசியுங்கள். முதல் முறை கால்வாசிதான் புரியும். பரவாயில்லை. தில்லிக்கு 239ஏஏ பிரிவு, நமக்கு 239ஏ பிரிவு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தனி மாநிலம் வேண்டும் என்று புதுச்சேரிச் சட்டமன்றம் திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுவதன் காரணம் விளங்கும்.

பாகூர்க்காரர்களுக்குத் தண்ணீரே பாடம். பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால், தமிழ்நாட்டில் சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிகிறது. தென்பெண்ணை கர்நாடகத்தில் பிறந்து தமிழ்நாட்டைக் கடந்து வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் ஆற்றில் பெருக்கெடுத்தபோது பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வரவேண்டிய தண்ணீரும் வரக்கூடாத தண்ணீரும் வேறொரு அரசின் மதகைத் தாண்டித்தான் வருகின்றன. கூட்டாட்சி என்ற அத்தியாயத்தை இதைவிடத் தெளிவாக யார் சொல்லித் தர முடியும்? தாத்தாவிடம் போய், முன்பெல்லாம் வாய்க்காலை யார் தூர்வாரினார்கள், முறைத்தண்ணீரை யார் பிரித்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, பொதுச் சொத்தை ஊரார் சேர்ந்து காப்பது பற்றி எலினோர் ஆஸ்ட்ரோம் எழுதியதை வாசியுங்கள். அரசியல் அறிவியலாளரான அவருக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்ததே இப்படிப்பட்ட ஆய்வுக்காகத்தான்.

பாகூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த கல்விச்சாலைக்காக மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது. கல்விக்கு அரசு எப்படிப் பணம் ஒதுக்கியது, யாருக்கு அந்தக் கல்வி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டால் அதுவும் அரசியல் அறிவியல்தான்.

சேர்வது எப்படி

நம் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.-க்கு மாறியிருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் அரசியல் அறிவியல் பாடம் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டாலும் கல்லூரியில் சேரத் தடையில்லை. வணிகவியல், அறிவியல் பிரிவு மாணவர்களும் பி.ஏ. சேரலாம்.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம், புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக. எந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு அரசியல் அறிவியல் முதன்மைப் பாடமாக இருக்கிறது என்பதை சென்டாக்கின் பட்டியலைத் திறந்து நீங்களே பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பி இருக்காதீர்கள், பாடப் பிரிவுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வரலாறு அல்லது பொருளியலை முதன்மையாக எடுத்து, அரசியல் அறிவியலைத் துணைப்பாடமாகப் படித்து, முதுகலையில் இதற்கு வருவது நல்ல வழி. பலர் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பன்னாட்டு ஆய்வுகள் துறை இருக்கிறது. அதன் முதுகலைக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வெளியே போக வாய்ப்புள்ளவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், சென்னையில் மாநிலக் கல்லூரியும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பாடம் இருக்கிறது. அதன் பாடப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம் என்பதால் மற்ற கல்லூரி மாணவர்களும் அவற்றை வாசிக்கலாம்.

சாதி, குடியிருப்புச் சான்றிதழ்களைத் தேர்வு முடிவு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மே, ஜூனில் வில்லியனூர், பாகூர் தாலுகா அலுவலகங்களில் கூட்டம் சேரும். மார்ச்சிலேயே வாங்கி வையுங்கள்.

பாகூரிலிருந்து போகிறவர்கள் பயணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நகரம் வரை சுமார் 20 கிலோமீட்டர்; காலாப்பட்டு அதையும் தாண்டி வடக்கே. முதுகலை என்றால் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். பெண் பிள்ளையை விடுதியில் விடத் தயங்கும் பெற்றோர் ஒருமுறை நேரில் போய் விடுதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். போக வர நேரம் சேர்த்து நாளைக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் கழிகிறது என்றால், அது படிப்பிலிருந்து போகும் நேரம்.

படிக்கும் முறை

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் ஆண்டு கடினம். நான் பரிந்துரைப்பது இதுதான்: எந்தத் தலைப்பையும் முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் வெளியிட்ட பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் நூல்கள் இதற்கு உதவும். உடனே அதே தலைப்பை என்.சி.இ.ஆர்.டி.-யின் ஆங்கில நூலில் வாசியுங்கள். அரசமைப்பு பற்றிய பதினொன்றாம் வகுப்பு நூலும், விடுதலைக்குப் பிந்தைய இந்திய அரசியல் பற்றிய பன்னிரண்டாம் வகுப்பு நூலும் எளிய ஆங்கிலத்தில் நன்றாக எழுதப்பட்டவை. அதன் பிறகே கல்லூரி நூலகத்தின் தடித்த புத்தகங்கள். கைடு வாங்கி மனப்பாடம் செய்தால் தேர்வில் தேறலாம். ஆனால் ஒரு தீர்ப்பையோ அரசாணையையோ எடுத்துப் பிரித்துப் பேச வராது, வேலைக்கும் அது உதவாது.

அரசமைப்பின் தமிழ்ப் பதிப்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். நாளிதழ் தினமும் ஒன்று, முடிந்தால் இரண்டு; ஒரே செய்தியை இரண்டும் எப்படி எழுதியிருக்கின்றன என்று பார்க்கப் பழகுங்கள். நகரத்துக்குப் போகிற நாளில் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போங்கள். 1827-இலிருந்து இருக்கும் நூலகம் அது. ஆய்வு என்று வரும்போது 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளையும் இருக்கின்றன. கல்லூரியில் மொழிப்பாடமாக பிரெஞ்சு எடுக்க வாய்ப்பிருந்தால் யோசித்துப் பாருங்கள். கொம்யூன்களின் பழைய பதிவுகளை வாசிக்கத் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து தெரிந்தவர்கள் குறைவு. கிராமத்துத் தமிழ் காதில் விழுந்து வளர்ந்த ஒருவர் பிரெஞ்சும் கற்றால் வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு எட்டாதது அவருக்கு எட்டும்.

எண்களுக்கு அஞ்சாதீர்கள். தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று காட்டும் படிவம் 20 வெளியாகும். உங்கள் தொகுதிக்கு 2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களின் படிவத்தையும் எடுத்து, உங்கள் ஊர்ச் சாவடியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். வாக்கு எங்கே நகர்ந்தது, ஏன் நகர்ந்தது என்று டீக்கடையில் சொல்லும் காரணத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பல நேரம் ஒத்துப்போகாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவாவது படிப்புக் காலத்தில் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் கொம்யூனில் கடந்த ஆண்டு குடிநீருக்குச் செலவான தொகை போன்ற சிறிய, தெளிவான கேள்வியாக இருக்கட்டும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரியிடம். இரண்டாவது மேல்முறையீடு, நாம் யூனியன் பிரதேசம் என்பதால், தில்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும். ஊரில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதானால் எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லிப் போகாதீர்கள். பெயர் எழுத வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் எழுதக் கூடாது. சேரியிலும் கேளுங்கள், ஊர்த்தெருவிலும் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டு எழுதியது ஊரைப் பற்றிய ஆய்வாகாது.

என்ன வேலை

பி.ஏ. அரசியல் அறிவியல் மட்டும் வைத்துக்கொண்டு நேராகப் போய் உட்காரும் வேலை கிடையாது. இதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பட்டத்தோடு இன்னொன்று சேர வேண்டும்.

எல்லோரும் முதலில் நினைப்பது யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் விருப்பப் பாடம். 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். அதற்கு மேல், பொது அறிவுத் தாள்களில் ஒன்று பெரும்பகுதி அரசமைப்பும் ஆட்சிமுறையும்தான். தமிழிலேயே எழுதலாம். நம் ஊரில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: புதுச்சேரி சிவில் சர்வீஸ், புதுச்சேரி போலீஸ் சர்வீஸ் பணியிடங்களும் இதே குடிமைப்பணித் தேர்வின் கீழ் வருகின்றன. நமக்கென்று தனித் தேர்வாணையம் கிடையாது. மற்ற பல பணியிடங்களுக்குப் புதுச்சேரி அரசே எழுத்துத் தேர்வு வைக்கிறது. மேல்நிலை எழுத்தர், கிராம நிர்வாக அலுவலர் போன்ற தேர்வுகளுக்குப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலிருந்தே தயாராகலாம். ஆனால் கணக்கும் ஆங்கிலமும் தனியே படிக்க வேண்டும், அரசியல் அறிவியல் அதற்குக் கைகொடுக்காது. யு.பி.எஸ்.சி.-க்கு எத்தனை ஆண்டு கொடுப்பது என்பதைத் தொடங்கும்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போய் முப்பது வயதில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கையில் மனம் பொறுப்பதில்லை.

சட்டம் எனக்குப் பிடித்த வழி. பி.ஏ. முடித்து மூன்றாண்டு சட்டப்படிப்பு. காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அரசமைப்பை மூன்றாண்டு படித்து வந்தவருக்கு அங்கே பாதி வழி தெரிந்த வழி. ஆசிரியப் பணிக்கு முதுகலையும் பி.எட்.-உம் வேண்டும்; அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டதால் அந்தப் பாடத்திட்டத்தை நன்றாகத் தெரிந்தவராக இருங்கள். கல்லூரிப் பேராசிரியராக நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் உயர்ந்த இடம் வந்தால் ஆய்வு உதவித்தொகையோடு முனைவர் பட்டம் செய்யலாம். வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாத பிள்ளைக்கு இந்த உதவித்தொகை பெரிய ஆதாரம்; முதுகலை முதல் ஆண்டிலேயே நெட் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதழியல், தொண்டு நிறுவனங்களின் களப்பணி, ஆய்வு நிறுவனங்களின் கணக்கெடுப்பு வேலை ஆகியவற்றில் பட்டத்தைவிட நீங்கள் செய்து காட்டியதைத்தான் பார்ப்பார்கள். தெருவில் இருபது வீட்டில் கேட்டு எழுதிய அறிக்கை, படிவம் 20-ஐ வைத்துத் தயாரித்த அட்டவணை, தகவல் மனுவுக்கு வந்த பதில் எல்லாம் ஒரு கோப்பில் தேதி போட்டு இருக்கட்டும். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.